‘எங்கட சனம் மாறாது’ என்று எழுதிவிடாதீர்கள்

வடக்கின் கமக்காரர்களுக்காகக் கைபேசிச் செயலிகள் எழுதும் இளையோருக்கு உரும்பிராயிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்பான பிள்ளைகளுக்கு,

நீங்கள் செய்த செயலிகள் சில எங்கள் ஊருக்கும் வந்தன. ஒன்று சந்தை விலை சொன்னது. ஒன்று நோய் பிடித்த இலையைப் படம் எடுத்துக் காட்டினால் மருந்தின் பெயர் சொன்னது. இன்னொன்று மழை வருமா என்று சொன்னது. சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினீர்கள். வந்திருந்தவர்களும் கவனமாகக் கேட்டார்கள், அந்த இடத்திலேயே கைபேசியில் இறக்கியும் கொண்டார்கள். ஆனால் அடுத்த வெங்காயம் கிண்டுவதற்குள் அவற்றைத் திறந்து பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது. அதன் பிறகு உங்கள் மேடைப் பேச்சுகளிலும் அறிக்கைகளிலும் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வருகிறது: எங்கட சனம் மாறாது, வயது போனவை, பயம், படிப்பும் காணாது.

அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். ஊரைவிட்டுப் போக எத்தனையோ வழி இருந்தும் இங்கேயே இருந்து, எங்கள் தோட்டங்களை நினைத்து வேலை செய்கிற உங்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்ற முறையில், புதிது ஒன்றை மறுக்கிற கமக்காரரின் வீட்டுத் திண்ணையில் நானும் நெடுநேரம் இருந்து கதைத்திருக்கிறேன். அந்த மறுப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டு எழுதாமல் ‘மாறாத சனம்’ என்று முடித்துவிட்டால், அடுத்து வருகிற செயலியும் அதே இடத்தில்தான் விழும்.

இந்தச் சனம் மாறாத சனமா என்று முதலில் பார்ப்போம். உங்கள் பாட்டன்மார் காலத்தில் எங்கள் செம்மண்ணுக்குத் தண்ணீர் துலாவால் வந்தது. துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து ஊற்ற ஒருவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஒருவர் என்று ஒரு குடும்பமே விடியற்காலையில் கிணற்றடியில் நின்றது. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் வந்தபோது யாரும் பிரசாரக் கூட்டம் வைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் தனியாக நின்று இறைத்து முடிப்பதைக் கண்டார்கள், கடன் பட்டும் வாங்கினார்கள்.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளானது. அப்போது இந்தச் சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றியது. டைனமோவிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்கு இழுத்து பிபிசி தமிழோசை கேட்டது. ஒருவர் சுற்ற, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும், உடனே அடுத்தவர் கை மாற்றுவார். அதற்கு அறிவுறுத்தல் புத்தகம் இல்லை, பயிற்சிப் பட்டறை இல்லை. அடுத்த ஷெல் எந்தப் பக்கம் விழும், பேச்சுவார்த்தை நடக்குமா நடக்காதா என்ற செய்தி உயிரோடு சம்பந்தப்பட்டதாக இருந்தது. அதனால் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்றைக்கு வாருங்கள். கைபேசியில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற எழுபத்தைந்து வயது அம்மாமார் வைபரில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிற பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். படம் அனுப்புகிறார்கள், குரல் பதிந்து அனுப்புகிறார்கள், ஊரில் ஒரு செத்தவீடு என்றால் அன்றைக்கே உலகம் முழுக்கத் தெரிவித்துவிடுகிறார்கள். உங்கள் விலைச் செயலியில் இருப்பதைவிட வைபரில் தட்ட வேண்டிய இடங்கள் கூட. அதே அம்மாதான் உங்கள் செயலியைப் பார்த்து, “உதெல்லாம் எனக்கு விளங்காது தம்பி” என்று சொன்னவர். நீங்கள் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள். மரியாதையாக மறுக்க எங்கள் ஊரில் வழங்குகிற வசனம் அது.

1989இல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வேலை செய்கிறவர்கள் புதிய கணினி மென்பொருளை ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்று ஆராய்ந்தார். இது என் வேலைக்கு உதவுமா, இதைக் கையாள்வது இலகுவா என்ற இரண்டு கேள்விகளாக அவர் அதைப் பிரித்தார். முதலாவதற்கே கூடுதல் கனதி இருப்பதைக் கண்டார். உதவும் என்று தெரிந்தால் கஷ்டப்பட்டும் பழகுவார்கள். உதவாததை எவ்வளவு இலகுவாக்கிக் கொடுத்தாலும் பழகமாட்டார்கள். உங்கள் கூட்டங்களில் பேச்செல்லாம் இரண்டாவது கேள்வியிலேயே நின்றது. பொத்தானைப் பெரிதாக்கினீர்கள், நிறத்தை மாற்றினீர்கள், பயிற்சியை இரண்டு நாளாக்கினீர்கள். முதலாவது கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

அதற்கும் முந்திய ஆய்வு ஒன்றை உங்களில் பலர் படித்திருக்கக்கூடும். ஐயோவா மாநிலத்துச் சோள விவசாயிகள் கலப்பின விதைக்கு எப்படி மாறினார்கள் என்று பிரைஸ் றையனும் நீல் குறொஸும் 1943இல் எழுதியது. இந்த றையன் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குச் சமூகவியல் பேராசிரியராக வந்தவர் என்பதால் எங்களுக்கும் அவர் அந்நியர் அல்ல. விதை 1928இல் அங்கே விற்பனைக்கு வந்தது. அவர்கள் விசாரித்த இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்களில் இருவர் தவிர எல்லோரும் 1941க்குள் மாறிவிட்டார்கள். ஆனால் எப்படி மாறினார்கள் என்பதுதான் முக்கியம். விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடமிருந்து, நம்பியது அயலவரிடமிருந்து. நம்பிய பிறகும் முழு நிலத்திலும் போடவில்லை. முதல் வருடம் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார்கள், அடுத்த வருடம் கொஞ்சம் கூட்டினார்கள்.

எங்கள் ஊரிலும் இதற்கு “வைச்சுப் பாப்பம்” என்ற ஒரே பதில்தான். புது இன விதை வெங்காயம் வந்தால் ஒரு பாத்தியில் வைப்பார்கள். பிழைத்தால் ஒரு பாத்திதான் நட்டம். இலையைப் படம் எடுத்தால் மருந்து சொல்லும் செயலியை ஒரு பாத்தியில் எப்படி வைத்துப் பார்ப்பது? நோய் ஒரு பாத்தியோடு நிற்காது. செயலி சொன்ன மருந்தை அடித்து, அது பிழையான மருந்தாக இருந்தால், மூன்று நாளில் முழுத் தோட்டமும் போய்விடும். அந்த நட்டத்தில் செயலிக்கு ஒரு சதமும் இல்லை. கிருமிநாசினிக் கடைக்காரரும் பிழையாகச் சொல்வதுண்டு, தன் கடையில் கிடக்கும் போத்தலை விற்பதற்காகச் சொல்வதும் உண்டு. ஆனாலும் அவரிடம் அடுத்த நாள் போய்ச் சண்டை பிடிக்கலாம். கடனுக்குத் தந்தவர் என்பதால் பயிர் அழிந்தால் அவருடைய காசும் சேர்ந்து போகும். எங்கள் கமக்காரர் நன்றாகத் தெரிந்தவர், கொஞ்சம் தெரிந்தவர் என்று ஆளைப் பிரிப்பதற்கு முன், என் நட்டத்தில் பங்குள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். இதைப் படிப்பறிவின்மை என்று எந்தப் படிப்பு சொல்கிறது?

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வலிகாமத்துக் கிணறுகளெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இருக்கிற ஒரே நிலத்தடி நீரைத்தான் குடிக்கின்றன. மேலே அடிப்பதும் போடுவதும் கீழே இறங்கும். எங்கள் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே மருந்து சொல்லும் செயலி எழுதுகிற பிள்ளைகள், மருந்து அடிக்கத் தேவையில்லாத நாளில் ‘அடிக்க வேண்டாம்’ என்றும் துணிந்து சொல்லும்படி அதை எழுத வேண்டும். கடைக்காரர் சொல்லாத அந்த ஒரு சொல்லை உங்கள் செயலி சொன்னால், அதைத் திறந்து பார்க்க ஒரு காரணம் உண்டாகும்.

இனி விலைக்கு வருகிறேன். நீங்கள் கூடுதல் நம்பிக்கை வைத்ததும், கூடுதலாகத் தோற்றதும் இதில்தான்.

கேரளத்து மீனவர் கதையை நீங்கள் கூட்டத்தில் சொன்னீர்கள். ரொபேட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. உண்மையான, அருமையான ஆய்வு. 1997 ஜனவரி 14 காலையில் வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டினார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீற்றருக்குள் இருக்கிற வேறு இரண்டு கரைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பப் பார்த்தார்கள். கைபேசிக் கோபுரம் கரையோரம் வந்ததும் படகிலிருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். மீனவரின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது, மீன் கொட்டப்படுவது நின்றது. யாரும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கதையில் படகு கடலில் நிற்கிறது. விலை தெரியும் நேரத்தில் அதைத் திருப்பலாம். எங்கள் கத்தரிக்காய் விடியற்காலையில் லான்ட்மாஸ்ரரில் ஏறித் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விட்டால் அதை எங்கே திருப்புவது? மருதனார்மடத்தில் கிலோவுக்கு இருபது ரூபா கூட என்று எட்டு மணிக்குக் கைபேசி சொன்னால், அந்த மனிதர் என்ன செய்வார்? மரக்கறியைத் திரும்ப ஏற்றி, எண்ணெய் எரித்து, அங்கே போய்ச் சேரும்போது சந்தை கலைந்திருக்கும். அதைவிடப் பெரிய கட்டு கடன். விதைக்கும் பசளைக்கும் முன்பணம் தந்த வியாபாரிக்குத்தான் விளைந்ததைக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டு மீனவருக்கும் உண்டு. படகுக்கும் வலைக்கும் காசு தந்தவரிடமே மீனைக் கொடுக்க வேண்டியவர்களுக்கு, விலை தெரிவது மட்டும் பெரிதாக உதவாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் செயலி ஒரு வரியிலும் சொல்லவில்லை. யாழ்ப்பாணச் சந்தைகளில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. நிறுத்த வேண்டும் என்று கூட்டங்களில் பேசுவார்கள், கொஞ்சக் காலம் நிற்கும், பிறகு வேறு ஒரு பெயரில் திரும்பி வரும். உதாரணத்துக்கு, செயலியில் கத்தரிக்காய் கிலோ 200 ரூபா என்று இருக்கிறது என்று வைப்போம். நூறு கிலோவுக்கு 20,000 ரூபா என்று அது சொல்லும். கமக்காரரின் கையில் வருவது 18,000. அதிலும் ஏற்றுக்கூலி போக வேண்டும். முதல் நாள் பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்த விலை தனக்குரிய விலை இல்லை என்று. வியாபாரிகள் வாங்கி விற்கிற விலையைக் கமக்காரரின் விலை என்று போட்டால், இரண்டாம் நாள் அவர் ஏன் அதைத் திறக்க வேண்டும்? “விலை எனக்குத் தெரியும் மோனை, விலை சொல்ல எனக்கு ஏலாது, அதுதான் பிரச்சினை” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த வசனத்தை உங்கள் அறிக்கையில் எழுதியிருந்தால் எவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கும்.

அவருக்கு விலை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் பின்னேரம், பிடுங்குவதற்கு முன், நாளைக்கு எந்தச் சந்தையில் எவ்வளவு வரப்போகிறது என்று தெரிந்தால் பிடுங்குவதா ஒரு நாள் பொறுப்பதா என்று தீர்மானிக்கலாம். ஒரே ஒழுங்கையில் மூன்று பேர் ஒரே நாளில் பிடுங்குகிறார்கள் என்று தெரிந்தால், சேர்ந்து ஒரு வாகனம் பிடித்துக் கொடிகாமத்துக்கோ தம்புள்ளைக்கோ அனுப்பலாம். அயலவரைச் சேர்த்துவைக்கிற அந்தத் தகவலுக்குப் பலம் உண்டு. தனித்து நிற்கிறவருக்குச் சொல்கிற விலை அவருடைய இயலாமையைத்தான் அவருக்கு நினைவுபடுத்துகிறது.

படிவங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தின் அளவை ஹெக்டேரில் கேட்டிருந்தீர்கள். எங்கள் நிலம் பரப்பில் இருக்கிறது. 16 பரப்பு ஒரு ஏக்கர், ஏறத்தாழ 40 பரப்பு ஒரு ஹெக்டேர். மூன்று இடத்தில் துண்டு துண்டாக ஆறு பரப்புச் செய்கிற ஒருவர் தன் தோட்டத்தை 0.15 என்று எழுத வேண்டி வந்தது. தன் உழைப்பு முழுவதும் ஒரு புள்ளிக்குப் பின்னால் போய்விட்டதைப் பார்த்துவிட்டு அவர் கைபேசியை வைத்துவிட்டார்.

ஆனால் அந்தப் படிவத்தில் அதைவிடப் பாரமான இடங்கள் இருந்தன. அடையாள அட்டை இலக்கம், காணியின் எல்லை, அங்கே நின்று தட்டினால் பதிவாகும் வரைபடப் புள்ளி. “உதெல்லாம் எதுக்கு?” என்று ஒருவர் கேட்டபோது, “சிஸ்டத்துக்குத் தேவை ஐயா” என்று பதில் வந்தது. நீங்கள் பிறந்த காலமோ நினைவு தெரிந்த காலமோ வேறு என்பதால் அந்தக் கேள்வியின் ஆழம் உங்களுக்குப் பிடிபடாமல் போயிருக்கலாம். இங்கே பெயர்ப் பட்டியல் என்பது ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, எந்தப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதோ என்று நெஞ்சு இடிக்க நின்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போர் முடிந்த பிறகும், 2011இல் யாழ்ப்பாணத்தில் படையினர் வீடு வீடாகக் குடும்பப் பதிவு எடுத்தபோது அது உயர்நீதிமன்றம்வரை போனது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கிற அறிவித்தல் 2013இல் வந்தது. அங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் பல வருடங்கள் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் வாழ்ந்தவர்கள். காணியின் எல்லையை முன்பின் தெரியாத ஒரு இயந்திரத்தில் குறித்துக் கொடுக்கத் தயங்குகிற மனிதரைப் ‘பயந்தவர்’ என்று எழுதாதீர்கள். அவர் அனுபவப்பட்டவர்.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், இப்போது இந்த நாட்டில் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், யாருக்குக் கொடுப்போம் என்று சொல்லாமல் கேட்கக்கூடாது என்பதே அதன் சாரம். எங்கள் ஊர்க் கிழவர் “உதெல்லாம் எதுக்கு” என்று கேட்டதும் அதே கேள்விதான்.

“அப்படியென்றால் எரிபொருள் கியூஆர் அட்டையை மட்டும் எப்படி எடுத்தார்கள்?” என்று உங்களில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 2022 ஜூலையில் அந்த முறை வந்தபோது அடையாள அட்டை இலக்கமும் வாகன இலக்கமும் கொடுக்க வேண்டியிருந்தது. சில கிழமைகளுக்குள் முழு நாடும் எடுத்தது, எங்கள் ஊரும் எடுத்தது. வேறு வழி இருக்கவில்லை என்பது ஒரு காரணம். அது மட்டும் காரணமில்லை. அதற்கு முந்திய மாதங்களில் இரவு பகலாக வரிசையில் நின்றும் கிடைக்குமோ தெரியாது, செல்வாக்குள்ளவருக்கு முதலில் கிடைக்கும். அட்டை வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றால் அது யாருக்கும் 4 லீற்றர்தான். கொடுத்த விபரத்துக்குக் கைமேல் பலன் கிடைத்தது, அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில். அதற்கு விலையுயர்ந்த கைபேசியும் தேவைப்படவில்லை. பலாலி வீதிக் கொமினிகேசனில் ஒரு பிள்ளை பதிந்து, கடதாசியில் அச்சடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டுத் தந்துவிடும். கிழவர்மார் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். தொழில்நுட்பம் கடதாசியாக வந்து கையில் ஏறியது. கமக்காரருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்ற அந்தக் கொமினிகேசன் பிள்ளையை உங்கள் திட்டத்தில் நீங்கள் சேர்க்கவே இல்லை.

நடுவில் நிற்கிற ஒரு குரல் எவ்வளவு செய்யும் என்பதற்குப் பாக்கு நீரிணைக்கு அக்கரையிலும் ஒரு சாட்சி உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 தொடக்கம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்தது. வீராம்பட்டினம் என்ற மீனவர் கிராமத்தில் கணினியின் முன் மீனவர்களை இருத்தவில்லை. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை இறக்கி, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர் நின்று கேட்டுவிட்டுப் போவார். சொன்ன அலை வந்ததா என்று அன்றைக்கே கடலில் பார்த்துவிடுவார். நாளுக்கு நாள் அவரே பரிசோதித்து, அவரே நம்பினார். 2004 டிசம்பர் 26இல் நல்லவாடு என்ற இன்னொரு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்ப் பிள்ளை ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் சனம் கேள்வி கேட்காமல் ஓடித் தப்பியது. அலையின் உயரத்தைச் சொல்லிவந்த ஒலிபெருக்கியை அந்தக் காலையில் சனம் நம்பியது.

பழசை விடாதவர்கள் என்று அச்சகக்காரர்மேல் நீங்கள் வைத்த குறையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒருங்குறி வந்து எத்தனையோ வருடமாகியும் பாமினி எழுத்துருவிலேயே அடிக்கிறார்கள் என்கிறீர்கள். தமிழுக்குத் தட்டச்சு விசைப்பலகை அமைத்த ஆர். முத்தையா 1886இல் இங்கே சுண்டுக்குளியில் பிறந்தவர். தட்டச்சு ஒழுங்கில் பழகிய விரல்களுக்குப் பாமினி கைவந்ததாக இருந்தது. பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் ஒருங்குறி போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். நாளைக்கு அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டியவர் அந்த ஆபத்தை எடுக்கமாட்டார். அவரும் வீட்டுக்குப் போனால் கைபேசியில் ஒருங்குறியில்தான் மகளுக்கு எழுதுகிறார், அந்தப் பக்கம் அது ஒழுங்காகத் தெரிகிறது என்பதால். ஒரே மனிதர் ஒரே நாளில் ஒன்றை மறுத்து, அதையே இன்னோர் இடத்தில் ஏற்கிறார். இரண்டுக்கும் அவரிடம் காரணம் உண்டு.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. செயலியை அழித்தவர்களின் வீட்டுக்கு ஒரு முறை போங்கள். பயன்படுத்துகிறவர்களிடம் கருத்துக் கேட்கிற வழக்கம் உங்களிடம் இருக்கிறது, அழித்தவர்களிடம் கேட்கிற வழக்கம் இல்லை. காலை இறைப்பு முடிந்த பிறகு போனால் ஆறுதலாகக் கதைப்பார்கள். கேள்விக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், தேத்தண்ணி தருவார்கள், குடித்துக்கொண்டு கேளுங்கள். ஒரு நாளாவது நாலு மணிக்கு எழும்பி லான்ட்மாஸ்ரரில் ஏறிச் சந்தைவரை போய், தராசடியில் நின்று பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் காணிப் புள்ளியையும் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள், பரப்பைச் சேருங்கள். எழுத்தில் சொல்வதைக் குரலிலும் சொல்லுங்கள். அந்தக் குரலிடம் திருப்பிக் கேள்வி கேட்க ஒரு தொலைபேசி இலக்கமும், மறுமுனையில் பதில் சொல்ல இந்த மண்ணை அறிந்த ஒரு ஆளும் இருக்கட்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க உங்கள் நிதியில் இடம் ஒதுக்குங்கள், பொத்தான்களை அழகுபடுத்துவதைப் பிறகு பார்க்கலாம்.

விலைப் பட்டியலில், சந்தை விலைக்குப் பக்கத்தில், கழிவு போக ஏற்றுக்கூலி போகக் கமக்காரரின் கைக்கு வருகிற காசைக் காட்ட இன்னொரு நிரலைப் போடுங்கள். எந்தச் சந்தையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நாளும் அதில் பதியுங்கள். ஒரு போகத்துக்கு அந்தக் கணக்கு எங்கள் கையில் இருந்தால், கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கும் பிரதேச சபைக்கும் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேச நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
உரும்பிராயிலிருந்து,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர்